பூட்டிய வீட்டில் ஒரு பரஸ்தானம்

என் அப்பாவைப் போலப் பயப்படத் தெரிந்த ஆள் ஆரணியில் வேறு யாரும் இருந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். மற்ற பெண்கள் தங்கள் அப்பா பாம்பை அடித்ததையும் திருடனைத் துரத்தியதையும் சொல்லிப் பீற்றிக்கொள்ளட்டும். என் அப்பா செவ்வாய்க்கிழமைக்குப் பயந்தார். அஷ்டமிக்கும் நவமிக்கும் பயந்தார். ராகுகாலம், எமகண்டம் இரண்டுக்கும் கடிகாரம் பார்க்காமலே பயப்பட அவருக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலே எட்டு என்ற எண். அதை அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் கிடையாது. எங்கள் வீட்டில் ஏழு இருந்தது, ஒன்பது இருந்தது, நடுவில் இருப்பதற்கு 'ஏழுக்கு அப்புறம்' என்று பெயர். நான் பள்ளிக்கூடத்தில் ஏழுக்கு அப்புறம் வகுப்பில்தான் ஒரு வருஷம் படித்தேன்.

நகராட்சிக்காரர்கள் ஒருமுறை வந்து எங்கள் கதவில் பதினேழு என்று எண் எழுதிவிட்டுப் போனார்கள். ஒன்றும் ஏழும் கூட்டினால் என்ன வரும் என்பது அப்பாவுக்கு அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. சுண்ணாம்பைக் குழைத்து எடுத்து வந்து, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு 'அ' எழுதினார். எழுத்து கலந்துவிட்டால் கூட்டு செல்லாதாம். இந்தச் சட்டத்தை எங்கே பிடித்தார் என்று இன்றுவரை தெரியாது. தபால்காரரும் வேறு வழியில்லாமல் '17-அ' என்றே பழகிக்கொண்டார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிதான். செவ்வாய்க்கிழமையில் தறியில் புதுப் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு நூல், பிணைக்கக் கூடாது என்பது தெரு முழுக்க இருந்த பழக்கம். அப்பா அதற்கும் ஒரு படி மேலே போனார். முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கவும் மாட்டார். கல்யாணக்காரர்கள் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டுக்கடை முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பினாலும், புதன்கிழமை விடிந்தால்தான் கத்தியைத் தொடுவார். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால் பார்டரும் உடலும் சேருகிற இடத்தில் அப்பாவின் கைச்சுத்தம் தெருவில் யாருக்கும் வராது. திட்டிவிட்டு அடுத்த பாவையும் அவருக்கேதான் கொடுத்து அனுப்புவார்.

பயப்படுகிறவர் வீட்டிலேயே முடங்கிவிடவும் முடியாதே. கெட்ட நாளில் வெளியூர் போயே தீரவேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோக வேண்டிய பையை அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் வைத்துவிடுவது. பை வாசலைத் தாண்டிவிட்டால் ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் போனாலும் நேற்றைய நல்ல நேரத்தில் புறப்பட்டவர்தான் நாம். எங்கள் பைகள் எல்லாம் எதிர் வீட்டில்தான் தங்கும். அந்த வீட்டு அக்காவுக்குக் கைராசி உண்டென்று அப்பா நம்பினார். அந்த அக்காவும் சிரித்துக்கொண்டே வாங்கிவைப்பார்.

எழுபதுகளின் கடைசியில், நான் பள்ளிப்படிப்பை முடித்து வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது, வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகம் என்று தபால் வந்தது. இடம் கிடைத்தால் டீச்சர். கிடைக்காவிட்டால் அந்தத் தை மாதமே எனக்குக் கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்து, போளூரில் ஒரு மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார்கள். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு டீச்சராக வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அதை அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தேன். அவர் சொந்தக்காரர்களிடம் நேர்முகம் முடியட்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

தபாலில் இருந்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. திதி அஷ்டமி. பஞ்சாங்கத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தார். என் அம்மாவுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது. எமனே நாள் பார்த்து வருவதில்லை, டீச்சர் வேலைக்கு எதற்கு என்று கிண்டல் செய்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் நல்ல நேரத்தில் என் சான்றிதழ்கள், நேர்முகக் கடிதம், மாற்றுப் புடவை எல்லாம் வைத்த பையை எதிர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து பெண் கிளம்பிவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னார். கிளம்பிவிட்ட பெண் அப்போது அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பையை எடுக்கப் போனேன். எதிர் வீட்டில் பெரிய பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். களம்பூரில் அந்த அக்காவின் அப்பா இறந்துபோனார். ராத்திரியே ரைஸ் மில் லாரி ஒன்றில் ஆள் வந்து சொல்ல, அந்த லாரியிலேயே குடும்பத்தோடு ஏறிப் போய்விட்டார்கள். அப்பனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அடுத்த வீட்டுப் பையா நினைவிருக்கும்? அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பூட்டை உடைத்துவிடலாம் என்றாள் அம்மா. தெருவில் ஒருவரும் ஒப்பவில்லை. உள்ளே தறியில் பட்டுப் பாவு கிடக்கிறது, ஜரிகை கிடக்கிறது, எல்லாம் முதலாளி பொருள். ஆள் இல்லாத நேரத்தில் நெசவுக்காரர் வீட்டுப் பூட்டில் கைவைத்தால், பிறகு ஒரு இழை குறைந்தாலும் பழி யார் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள். சாவி களம்பூரில் இருந்தது. அதுவும் சாவு வீட்டில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா செவ்வாய்க்கிழமையில் சாவு வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. அவருடைய சொந்த அத்தை, அவரைத் தூக்கி வளர்த்தவர், ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். அப்பா தெருமுனையில் நின்று அழுதாரே தவிர உள்ளே போகவில்லை. அதற்காகச் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சை வருஷக்கணக்கில் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அதனால்தான் அம்மா, நானே போகிறேன் என்று புடவையை இழுத்துச் செருகினாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. பஸ்ஸை நம்பினால் மத்தியானம் ஆகிவிடும்.

அப்பா சட்டையை மாட்டினார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் இறங்கினார். என்னைப் பார்த்து, "தலையப் பின்னிகினு ரெடியா இரு" என்றார். அவ்வளவுதான். முகம் வெளுத்துத்தான் இருந்தது.

தலையைப் பின்னினேன். அவிழ்த்து மறுபடியும் பின்னினேன். வேலூரில் பதினொரு மணிக்கு நேர்முகம். அதற்குப் போய்ச் சேருகிற கடைசி பஸ் ஒன்பது மணி பஸ். அந்த ஒன்பது மணிக்குத்தான் செவ்வாய்க்கிழமை எமகண்டம் ஆரம்பிக்கும். அம்மா வாசலில் ஒரு குடம் தண்ணீரை நிறைத்து வைத்தாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் தலையோடு ஊற்றிக்கொள்ளாமல் எதையும் தொடக்கூடாது. அப்பாவைவிட அதில் கறாரானவர் யாருமில்லை. தூரத்துச் சாவுக்குப் போய் வந்தாலே குளித்து முடிக்கும்வரை எங்களைக் கிட்டே சேர்க்கமாட்டார்.

சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தபோது சட்டை முழுக்க வேர்வை. நேராக எதிர் வீட்டில் நிறுத்திப் பூட்டைத் திறந்து பையை எடுத்தார். மறுபடி பூட்டிச் சாவியை அம்மா கையில் கொடுத்தார். சாவு வீட்டின் உள்ளேயே போயிருக்கிறார். அந்த அக்கா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க, கூட்டத்தைத் தாண்டிப்போய் அவரிடமே சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அழுத முகத்தோடு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பெண்ணை நல்லபடியாகப் போய்வரச் சொல்லுங்கள் என்றாராம்.

அம்மா குடத்தைக் காட்டினாள். அப்பா அதைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பி என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்மேல் கை படாமல் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது தானாக வரும்.

"என்னையே புடிச்சிக்கோம்மா. கெட்டியா புடிச்சிக்கோ. ஜல்தியா போவணும்."

பிடித்துக்கொண்டேன். ஈரச் சட்டைக்குள் அவர் முதுகு நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மிதித்த வேகத்தில் துளி குறையவில்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்பட்டே விட்டது. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினோம். ஏறும்போது பழக்கதோஷத்தில் பஸ்ஸின் நம்பரைக் கூட்டிப் பார்த்தேன். ஏழுக்கு அப்புறம்தான் வந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவரும் கூட்டிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. செவ்வாய், அஷ்டமி, எமகண்டம், சாவுத் தீட்டு, அந்த நம்பர் என்று அவர் ஆயுசு முழுக்க ஒதுங்கி ஒதுங்கி நடந்த அத்தனையும் அன்று ஒரே பஸ்ஸில் எங்களோடு ஏறிக்கொண்டு வந்தன. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தார்.

வேலூரில் பயிற்சிப் பள்ளி வாசலில் பையை என்னிடம் நீட்டினார். பட்டு இழையை ஒரு பிசிறில்லாமல் முடிகிற கை, நான் வாங்கிய பிறகும் பையின் பிடியை விடவில்லை.

"பயமா இருக்குதாப்பா?"

"இருக்குது. இல்லன்னு யாரு சொன்னது? நீ உள்ள போ, நேரமாவுது."

உள்ளே போனேன். மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எனக்குத் துளிக்கூட உதறவில்லை. என் பங்குப் பயத்தையும் வெளியே ஒருவர் சேர்த்துப் பட்டுக்கொண்டிருக்க, எனக்கு என்ன குறை? கேட்டதற்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னேன். வெளியே வந்தபோது அப்பா நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். தீட்டோடு யாரையும் தொடக்கூடாதென்று, ஆட்கள் நின்ற நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை.

டீச்சராகி இத்தனை வருஷத்தில் தைரியசாலிகள் பலரைப் பார்த்துவிட்டேன். ராகுகாலத்தில் வேண்டுமென்றே காரியம் ஆரம்பித்து அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறவர்களையும் பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பயமே இல்லாத அவர்களுக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை. என் அப்பா அன்று என் கையில் கொடுத்ததைப் போல அவர்களில் ஒருவரும் கொடுத்ததில்லை.

இடம் கிடைத்தது. தெருவே வந்து சந்தோஷப்பட்டது. இனிமேலாவது நாள் கிழமை பார்ப்பதை விட்டுவிடுவாரா என்று அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள். அப்பாவுக்கு அவள் கேட்பதே புரியவில்லை.

"திங்கக்கெழமையே நல்ல நேரத்துல பை கெளம்பிடுச்சே. அதனாலதான கெடச்சிது" என்றார்.

பயிற்சியில் சேர வேண்டிய தேதியைச் சொல்லி அடுத்த தபால் வந்தது. மாதத்தின் ஏழுக்கு அப்புறம் தேதி. அம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அப்பா அமைதியாகப் பஞ்சாங்கத்தை எடுத்து நல்ல நேரம் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். துக்கம் முடிந்து திரும்பியிருந்த அந்த அக்கா வழக்கம்போலக் கைநீட்டி வாங்கிவைத்தார். அப்பா திரும்பி வரும்போது அவர் கையில் எதிர் வீட்டுப் பூட்டும் சாவியும் இருந்தன. காலையில் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து, பூட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.