அம்மாவுக்கு வந்த கடிதங்கள்

அப்பாவின் தையல் கடையை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஓடிப்போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. அப்பா வெட்டித் தைப்பார். அம்மா காஜா போட்டுப் பித்தான் வைப்பாள். அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது, ஆனால் இருட்டிலும் ஊசியில் நூல் கோத்துவிடுவாள்.

கடைக்கு எதிரே வாசகசாலை. தண்ணீர் வரும் நேரம், மின்சாரம் நிற்கும் நேரம் எல்லாம் அதன் கரும்பலகையில்தான் எழுதுவார்கள். அதனால் அந்தப் பலகையில் எதைக் கிறுக்கினாலும் அப்பாவுக்கு அது சட்டம். நூலகர் லேசுப்பட்டவர் இல்லை. தினம் ஒரு புத்தகத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப்போட்டுத் தெருவைச் சீண்டுவார். அக்காவின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் பார்த்தா இதை எழுத வேண்டும்:

'மனைவி படித்துவிட்டால் கணவன் பிழைக்க முடியாது.'

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை அப்பா மூடிவிட்டார்.

"நாளைக்கு இவ போற வீட்டுல என்னைத்தான் திட்டுவாங்க. படிச்ச வரைக்கும் போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பலகையையே அழித்துவிடலாம் போலிருந்தது. அக்கா அழவில்லை. நேரே வாசகசாலைக்குப் போய் அந்த வரி வந்த நாவலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு வந்தாள்.

"அப்பா, இது நாவல் எழுதினவர் கருத்து இல்ல. கதையில ஒருத்தன் சொல்றான். பொண்டாட்டிக்கு வர்ற கடிதத்தை மாத்தி மாத்திப் படிச்சுக் காட்டுறவன். அவனைக் கிண்டல் பண்ணத்தான் இப்படி எழுதியிருக்கார்."

அம்மாவின் ஊசி நின்றது.

"எங்க அண்ணன் கடிதமெல்லாம் நீங்கதானே படிச்சுக் காட்டுறீங்க?"

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆளா அவள்? எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து கடிதக் கட்டை எடுத்து வந்து அக்கா மடியில் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக் கடிதங்கள்.

"முதல்ல இருந்து படி."

அக்கா படித்தாள். மழை, மாமாவின் மூட்டுவலி, அத்தையின் பிரசவம் என்று எல்லாம் அப்பா படித்துச் சொன்ன மாதிரியேதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் நாங்கள் கேட்டேயிராத ஒரு வரி இருந்தது. 'தங்கச்சியை ஒரு வாரம் அனுப்பி வையுங்கள் மாப்பிள்ளை, பார்க்கணும் போலிருக்கிறது.'

அப்பா கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

"நீ போயிட்டா கடையில நான் தனியா என்ன பண்ணுவேன்னுதான்..." என்று இழுத்தார்.

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே போகலைன்னு இருந்திருப்பேன்" என்றாள் அம்மா. கடிதங்களை அடுக்கிக் கட்டினாள். "பாரத்துல கையெழுத்துப் போடுங்க. நாளைக்குக் காலையில நான் அண்ணனைப் பார்க்கப் போறேன்."

அப்பா பேனாவைத் திறந்தார்.

"எந்த பஸ்ஸுன்னு நீயே எழுதிக் கொடு" என்றாள் அம்மா, அக்காவிடம்.