பெட்டியின் மேல் வைத்த கை

சோணைமுத்துவுக்கு இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் யாராவது வாயை வைத்துக் கத்தினால், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஏதோ வந்து சேரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து அறை வெடித்தது. நடுவில் இருந்த சுவர் உயிரைக் காப்பாற்றியது. காதைக் காப்பாற்றவில்லை. அந்த வெடிச் சத்தத்தை அவன் கேட்கவே இல்லை என்பதுதான் அவனுக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம். வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் பருத்திக்காட்டில் மல்லாந்து கிடந்தான். மேலே கொக்குகள் பறந்து போயின, படம் ஓட ஒலி மட்டும் நின்றுபோன மாதிரி.

அதற்குப் பிறகு அவன் பட்டாசுக் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் வெட்டும் மெஷினுக்குப் போனான். அவன் மனைவி வள்ளித்தாய் மட்டும் பட்டாசு வேலையை விடவில்லை. காலையில் ஆனைக்குட்டம் பஸ் ஸ்டாப்புக்குக் கம்பெனி வேன் வரும். அதில் ஏறிப் போவாள், பொழுது சாய வருவாள்.

காது நன்றாக இருந்த காலத்தில் சோணைமுத்துவுக்குச் சினிமா என்றால் சோறு வேண்டாம். காது போனபின் தியேட்டரில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டான். போன வருஷம் ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலில், வள்ளித்தாயின் தம்பி பாலகுரு கட்டியிருந்த ரேடியோ செட்டின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் தற்செயலாக முதுகைச் சாய்த்தான். பாட்டு முதுகு வழியாக ஏறி நெஞ்சில் அடித்தது. கொட்டு எது, குரல் எது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

"மாப்ள, நாலு பக்கமும் பெட்டி வச்சு நடுவுல நான் உக்காரணும். அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லு" என்றான்.

"இப்ப வர்ற சின்னப் பெட்டியெல்லாம் உங்களுக்கு ஆகாது மச்சான். பழசு வேணும். பழசுதான் ஆளைத் தள்ளும்" என்று பாலகுரு அவன் வலது காதில் கத்தினான்.

சாத்தூரில் ஒரு பழைய தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்க இடித்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் அறுபது வருஷமாக நின்ற மூன்று பெரிய பெட்டிகளும், பக்கச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு சின்னப் பெட்டிகளும் குட்டியானை வண்டியில் ஏறி ஆனைக்குட்டம் வந்தன. பெரிய பெட்டிகளுக்குள் சுளகு அகலத்துக்குக் காகிதக் கூம்பு. அதுதான் அசைந்து சத்தம் கொடுப்பது. வீட்டின் முன்னறையைக் காலி செய்தான். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. சத்தத்தை ஐந்தாகப் பிரித்துத் தரும் போர்டு ஒன்றைப் பாலகுரு மதுரையிலிருந்து வாங்கி வந்தான். ஒயரின் முனையில் டார்ச் பேட்டரியை வைத்துத் தொட்டால் கூம்பு முன்னால் துள்ள வேண்டும். ஐந்தும் ஒரே பக்கம் துள்ளுகின்றனவா என்று இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். அச்சகத்துக்கு விடுமுறை. நடுப்பெட்டியின் கூம்பு விளிம்பில் ஒரு கீறல். மெல்லிய தாளைப் பசை தடவி ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கூம்பு அவன் கையைத் தள்ளியது.

நிறைமாதக்காரி வயிற்றில் கை வைத்தால் பிள்ளை உதைக்குமே, அப்படி. பாலகுரு பேட்டரியை வைத்து விளையாடுகிறான் என்று திரும்பினான். யாரும் இல்லை. ஒயர் சுருட்டியபடி ஆணியில் தொங்கியது. கரண்டும் இல்லை. மறுபடி ஒரு உதை.

வாசலுக்கு வந்தான். தெரு தெருவாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பெத்தணன் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கோழி மேய்ந்தது. இருபது நிமிஷம் கழித்துத்தான் ஒவ்வொரு வீடாகப் போன் அடித்தது. வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு கம்பெனி வெடித்திருந்தது. காற்று எதிர்த்திசையில் அடித்ததால் ஊரில் ஒரு காதுக்கும் சத்தம் வரவில்லை.

"வெடிச்ச அதிர்வு தள்ளியிருக்கும் மச்சான். நமக்குக் கேக்காத அளவுக்கு அடங்கின சத்தமா இருந்தாலும் இம்புட்டுப் பெரிய பேப்பரு அசையும்" என்றான் பாலகுரு. சொல்லிவிட்டு அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டாமல் தள்ளி உட்கார்ந்தான்.

ஆவணியில் மறுபடி ஒருமுறை தட்டியது. அதுவும் பொய்க்கவில்லை. செய்தி பரவியது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேன் திரும்பும்வரை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவலும் கிடையாது. முதலில் பெத்தணன்தான் வந்தார். மனைவி இல்லாத மனிதர், ஒரே மகள் பாண்டிமீனா. வள்ளித்தாயோடு அதே வேனில் போகிறவள்.

"ஏலே சோணை, நான் சும்மா இங்கன உக்காந்துக்கிறேன்" என்றார்.

பிறகு மாமியார்கள் வந்தார்கள், வேலை இல்லாத புருஷன்மார் வந்தார்கள். ஆளுக்கொரு பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கூம்பில் கையை வைத்துக்கொள்வார்கள். யாரும் பேசுவதில்லை. தன் காதுக்குள் இருந்த அமைதி வெளியே வந்து அறையில் உட்கார்ந்துவிட்டதாகச் சோணைமுத்துவுக்குத் தோன்றும். வள்ளித்தாய் அந்த அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். "எழவு வீடு மாதிரி இருக்கு. படம் பாக்கத்தான வாங்குனீக?" என்று சத்தம் போட்டாள்.

புரட்டாசி, சீசன் உச்சம். அந்த மாதம் அச்சகத்தில் அவனுக்கு ராத்திரி ஷிப்ட். ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது. அறையில் அவனும் பெத்தணனும் மட்டும். நடுப்பெட்டி தட்டியது. மூச்சு விடுமுன் இன்னொன்று. சோணைமுத்து வண்டிச் சாவியை எடுத்தான். "வாங்க மாமா!"

பெத்தணன் கையை எடுக்கவில்லை. நீ போ என்று தலையை மட்டும் அசைத்தார்.

வள்ளித்தாயின் கம்பெனிக்கு வெளியே புகையும் கூட்டமுமாக இருந்தது. ஓர் உடைமரத்தடியில் வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் அலுமினியப் பொடி, கண் மட்டும் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து அவன் வலது காதைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"தட்டுச்சா உங்களுக்கு?"

இரண்டு விரலைக் காட்டினான்.

அவள் மூன்று விரலைக் காட்டினாள். "மூணாவது கொஞ்சம் பிந்தித்தான் வெடிச்சது. உள்ள ஒருத்தி கெடக்கான்னு மீனா திரும்ப ஓடுனா. சொல்லச் சொல்லக் கேக்காம ஓடுனா."

மாலையில் அவர்கள் வீடு திரும்பியபோது பெத்தணன் கை வைத்த வாக்கிலேயே உட்கார்ந்திருந்தார். ஊர் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தது. அவர் நம்பவில்லை.

"ரெண்டுதான் தட்டுச்சு. நான் கைய எடுக்கவே இல்லையே. மூணாவது வெடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதாலே? எல்லாரும் பொய் சொல்றீக."

காரியங்களைச் சொந்தக்காரர்கள் செய்தார்கள். அவர் சுடுகாட்டுக்குக்கூட வரவில்லை. காலையில் வந்து பெட்டி முன்னால் உட்காருவார், இருட்டினால் போவார். வள்ளித்தாய்தான் தட்டில் சோறு கொண்டுபோய் வைப்பாள். கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டதால் அவளும் வீட்டில்தான் இருந்தாள். அவரைத் தனியே விட மனமில்லாமல் அவளும் அறையில் உட்காரத் தொடங்கினாள்.

பதினாறாம் நாள். மெயின் சுவிட்ச்சை அணைத்து வைத்திருந்தார்கள். சோணைமுத்து இடது பெட்டியில், வள்ளித்தாய் வலது பெட்டியில், பெத்தணன் நடுவில். மூன்று பெட்டியும் சேர்ந்து தட்டின. ஒரே ஒருமுறை. வள்ளித்தாய் சுட்டதுபோலக் கையை உதறினாள்.

பாலகுரு சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று தெரிந்த இடத்துக்கெல்லாம் போன் போட்டான். எங்கேயும் வெடிக்கவில்லை. குவாரியில்கூட வேலை நடக்கவில்லை.

பெத்தணன் மெதுவாகக் கையை எடுத்தார். உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இப்பத்தான் வந்து சேந்திருக்கு" என்றார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தெருவில் நின்ற அத்தனை தலையும் அந்த வீட்டுப் பக்கம் திரும்புவதைச் சோணைமுத்து பார்த்தான். என்ன என்று வள்ளித்தாயைக் கேட்டான்.

"அழுவுறாரு" என்று அவள் உதட்டசைவில் சொன்னாள்.

அதற்குப் பிறகு பெத்தணன் அந்த அறைக்கு வரவில்லை. பெட்டிகளும் காரணமில்லாமல் தட்டவில்லை. வள்ளித்தாய் சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு மாறினாள். தை பிறந்ததும் பாலகுரு ஒருநாள் வந்து, பெட்டிகளைத் திருவிழாவுக்குக் கொண்டுபோய்விடட்டுமா என்று கேட்டான். சோணைமுத்துவும் சரி என்பதுபோலத்தான் நின்றான்.

வள்ளித்தாய்தான் குறுக்கே வந்தாள்.

"இருக்கட்டும்டா. மத்த கம்பெனி வேன் இன்னும் வந்துக்கிட்டுத்தான இருக்கு. ஆளுக ஏறிப் போய்க்கிட்டுத்தான இருக்காக."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் படம் போடுகிறான். தெருவே வந்து உட்காருகிறது. பாட்டும் மழையும் ரயிலும் ஐந்து பக்கமிருந்தும் வந்து அவன் உடம்பில் விழுகின்றன. வெடி வெடிக்கிற காட்சி வருகிறது என்று தெரிந்தால் மட்டும், எழுந்து போய்ப் பெரிய பெட்டிகளின் ஒயரைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவான்.