வாப்பா வேனில் வந்த நாள்

எனக்கு மலைநாட்டுக் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்த செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வாங்குவது போலச் சாமான் வாங்கினார்கள். கல்முனை பஜாரில் வாப்பாவுக்கு ஹாட்வெயார் கடை. தன் கடைக் கதிரையை விட்டு லேசில் எழும்பாத மனிதர், எனக்காக ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கினார். சூட்கேஸ், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், தடித்த போர்வை, மலைநாட்டுக் குளிருக்கு ஸ்வெட்டர். உம்மா மாசிச் சம்பலை வறுத்துப் போத்தல்களில் அடைத்தார். சப்பாத்து அளவு கேட்டார்கள், என்ன நிறத்தில் பை வேண்டும் என்று கேட்டார்கள். பயமாக இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். பாடசாலைக்கும் டியூஷனுக்கும் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில்தான் போய் வந்தேன். தனியாகப் பஸ் ஏறியதில்லை. வங்கியில் ஒரு படிவம் நிரப்பியதில்லை. ஒரு அந்நியரோடு வாய் திறந்து வழக்காடியதுமில்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தைத் தவிர வேறு வேலை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஹொஸ்டல் வாசலில் என்னை விட்டுத் திரும்பும்போது வாப்பா சொன்னார்: "என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லு மகள். ஒண்டையும் மறைக்கப்படா. வாப்பா இரிக்கன்."

நான் அதை நம்பினேன்.

அங்கே முதலாம் வருடத்துப் பிள்ளைகள் குடை பிடிக்கக் கூடாது. றப்பர் செருப்புத்தான் போட வேண்டும். சீனியர்மார் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நின்று, குனிந்து, பதில் சொல்ல வேண்டும். எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். மலைநாட்டு மழை ஓயாது. நனைந்த அபாயாவோடு விரிவுரையில் இருந்து இருந்து எனக்குக் காய்ச்சல் பிடித்தது.

அப்போது கொத்தமல்லி அவித்து பிளாஸ்கில் கொண்டுவந்து தந்தவர் மூன்றாம் வருடத்து அக்கா ஒருவர். தம்பிலுவில்லைச் சேர்ந்தவர். என் பேச்சைக் கேட்டே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கல்முனையா நீங்க? அப்ப நம்மட பக்கம்தான். கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க தங்கச்சி. நான் அவளுகளோட கதைக்கன்."

கதைத்தும் இருக்கிறார். அதன் பிறகு என்னை மழையில் நிறுத்துவது குறைந்தது. பட்டப்பெயரும் மெல்ல மெல்ல மறந்துபோகும் என்று நினைத்தேன்.

ஆனால் ஒருநாள் கன்டீன் வாசலில், எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லி என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினார்கள். மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்குக் கோல் எடுத்தேன். உம்மாவின் குரலைக் கேட்டதும் அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அழுது முடித்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த நாள் விரிவுரைக்குப் போயிருப்பேன்.

வாப்பா போனை வாங்கினார். "சரி. போனை வெய்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் என்ன செய்யணும் மகள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

வரிப்பத்தான்சேனையில் எங்கள் வயலில் அறுவடை மெசின் இறங்கியிருந்த நேரம் அது. அதை அப்படியே போட்டுவிட்டு, தன் தம்பியான சாச்சாவையும் இன்னும் சிலரையும் வேனில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே வாப்பா எங்கள் பீடத்து வாசலில் நின்றார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் போகும்போது நடைபாதை நிறையச் சனம். தம்பிலுவில் அக்கா ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார்.

"எவள்? காட்டு!" என்றார் வாப்பா.

நான் தலையைக் குனிந்தேன். வாப்பாவின் கண் பக்கத்தில் நின்றவர் மேல் விழுந்தது.

"நீயா? சீனியரா நீ?"

"ஓம் அங்கிள், நான்..."

"என்ட புள்ளைய மழையில நிப்பாட்ட நீ ஆருடி?"

"வாப்பா, அவ இல்ல! அவ எனக்கு உதவி செஞ்சவ!" என்று கத்தினேன்.

"நீ பயத்துல சொல்றாய், எனக்கு வெளங்கும்," என்றார் வாப்பா. விரலை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே அலுவலகத்துக்குள் நுழைந்தார். முறைப்பாட்டில் அக்காவின் பெயர் போனது.

விசாரணையில் நான் உண்மையைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்காவின் மேல் குற்றமில்லை என்றுதான் முடிந்தது. ஆனால் அதற்குள் அவருடைய வீட்டுக்கு அறிவித்திருந்தார்கள். அவருடைய அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அலுவலக வாங்கில் உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன். மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா ஏசவில்லை.

"உங்கட வாப்பாவுக்கு உங்கள்ல நல்ல பாசம் தங்கச்சி," என்றார். "எங்கட அம்மா இதுக்கு முதல் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. பட்டமளிப்புக்குத்தான் கூட்டி வாறண்டு இருந்த நான்."

அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

யாருமே கதைக்கவில்லை. சீனியர்மார் என்னைக் கண்டால் விலகி நடந்தார்கள். "அவள்ள கைய வெச்சா வேன் வரும்," என்று என் வகுப்புப் பிள்ளைகளே சிரித்தார்கள். நான் இருந்த வட்ஸ்அப் குழு ஓய்ந்தது. நானில்லாமல் இன்னொன்று தொடங்கியிருந்தார்கள். கன்டீனில் நான் இருந்த மேசைக்கு எவரும் வரவில்லை. பட்டம் வாங்கும்வரை அப்படித்தான். குடை மட்டும் தாராளமாகப் பிடித்தேன்.

வாப்பா தவறாமல் கோல் எடுப்பார். "இப்ப ஒருத்தியும் கிட்ட வாறல்லதானே மகள்?"

"இல்ல வாப்பா. ஒருத்தரும் வாறல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்பார்.

அந்த வேன் பயணத்தை வாப்பா கல்யாண வீடுகளில் சொன்னார், கடைக்கு வருபவர்களிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய சத்தம் பெரிதானது; அக்கா வர வரப் பொல்லாதவர் ஆனார். ஒருமுறை நான் இடையில் புகுந்து, "அவ அப்பிடி இல்ல வாப்பா," என்றேன். சபை சிரித்தது. "பாத்தீங்களா, இன்னும் பயம் போகல்ல," என்றார்.

இப்போது என் தங்கச்சி வடக்கில் ஒரு கெம்பஸில் படிக்கிறாள். அவளுக்கும் அதே சூட்கேஸ், அதே கேத்தல், வாசலில் அதே வார்த்தைகள். வாப்பா கோல் எடுத்தால் அவள் சிரித்துக்கொண்டே பேசுவாள். சாப்பாடு நல்லம், பிள்ளைகள் நல்லம், எல்லாம் நல்லம்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அவளுடைய கழுத்தெலும்பு தெரிந்தது. குசினியில் உம்மா சட்டியைக் கீழே போட்ட சத்தத்துக்குத் திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உம்மா தொழப் போனதும் நான் கேட்டேன்.

"என்னகா நடக்குது உனக்கு அங்க?"

"ஒண்டும் இல்ல ராத்தா."

"என்னட்டச் சொல்லன்."

"உங்களுக்குச் சொன்னா உம்மாக்குப் போகும். உம்மாக்குப் போனா வாப்பா வேன் எடுத்திருவார்." தேத்தண்ணியில் சீனியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "உங்களப் பாத்துக்கிட்டு இருந்த நான்தானே."

முன் ஹோலில் வாப்பா தன் கூட்டாளியோடு கதைத்துக்கொண்டிருந்தார். "சின்னவளுக்கு ஒரு கரைச்சலும் இல்ல. மூத்தவள்ட விசயத்துல நான் போட்ட சத்தம் அப்பிடி. என்ன மகள், அங்க எல்லாம் நல்லம்தானே?"

தங்கச்சி தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன் ஹோலுக்குப் போனாள்.

"ஓம் வாப்பா," என்றாள்.