சிவப்புக் கட்டம்

பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடு ஒன்றில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. நான் டிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. தேயிலைப் படங்கள் வரும். இளங்கொழுந்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம், முற்றிய இலையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட வேண்டும். எதற்காக என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை 'ஆபீசர்' என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சில படங்கள் பிடிபடாது. அம்மாவிடம் காட்டுவேன்.

"இது கொழுந்தாம்மா, முத்தலா?"

"ஒடிச்சுப் பாக்காம எப்படிடி சொல்ல? படக்குன்னு ஒடிஞ்சா கொழுந்து. நாரா இழுத்தா முத்தல்."

படத்தை எங்கே ஒடிப்பது? 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அடிக்கடி அழுத்தினால் படங்கள் வருவது குறைந்துவிடும். அதனால் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தாலே சிவப்பு என்று போட்டுவிடுவேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் அம்மா முகம் கறுத்து வந்தாள். எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் புது ஃபோனால் கொழுந்தைப் படமெடுத்தாராம். அவள் பறித்ததில் பாதி முற்றல் என்று காட்டியதாம். எல்லோர் முன்னாலும் கீழே கொட்டிப் பொறுக்க வைத்தாராம்.

மறுநாள் நானும் போய் நின்றேன். ஃபோன் திரையில் அதே சிவப்புக் கட்டங்கள். அம்மா ஒரு கொழுந்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஒடித்தாள். படக்கென்று ஒடிந்தது.

"பாத்தீங்களா சார்?"

"எனக்குத் தெரியுதுக்கா. ஃபோனுக்குத் தெரியலையே. நான் என்ன செய்ய?"

ஃபோனில் இருக்கும் இந்த ஆப் யார் செய்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்கு வேலை கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். தேயிலைப் படங்களின் வேலை முடிந்துவிட்டது, நன்றி என்று மட்டும் பதில் வந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ஒருவேளை நான் போட்ட கட்டத்தைப் பாத்துத்தான் அந்த ஃபோன் கத்துக்கிச்சோ என்னவோம்மா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட கேட்டுத்தானடி போட்ட? அப்ப என்னையே நான் காட்டிக் குடுத்தேனா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்றும் சொல்லலாம் போலிருந்தது. இரண்டுக்கும் என்னிடம் அத்தாட்சி இல்லை. உலகத்தில் எத்தனை ஜன்னலோரங்களில் எத்தனை பேர் கட்டம் போட்டார்களோ!

அடுத்த வாரம் அம்மாவைக் களை பறிக்க மாற்றினார்கள். அதே வாரம் எனக்குப் புதுப் படங்கள் வந்தன. இந்த முறை ஏலக்காய். வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும் சித்தியின் முகம் நினைவுக்கு வந்தது. லேப்டாப்பை மூடினேன். அடுப்பில் உலை வைத்தேன். பிறகு திறந்து, முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த வேலையை மறுபடி எடுத்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.