வலைக்கு வெளியே கதிர்வேல்

வலைக்குள்ளே எந்திரம் நகர்ந்தால் வலைக்கு வெளியே கதிர்வேலும் நகர்கிறான். அது நின்றால் நிற்கிறான். அது கையை நீட்டி ஒரு பாகற்பூவைத் தொடும்போது, மொட்டையடித்த தலையை வலையோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறான். பூ அசைந்தால் ஒரு தலையாட்டல். பிறகு அடுத்த பூ.

கீரப்பாளையத்தை ஒட்டி, பக்கிரி மாமாவின் நிலத்தில் அவன் அப்பா உத்திராபதி போட்ட பசுமைக்குடில் அது. வெள்ளை ஈ நுழையாதபடி நான்கு பக்கமும் வலை. தேனீயும் நுழையாது. அதனால் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவும் வேலையை உத்திராபதியே விடியலில் செய்துவந்தார். கதிர்வேல் கடலூரில் ஆலையொன்றில் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். செம்மண்டலத்தில் ஒற்றை அறை. அப்பாவின் முழங்கால் வலிக்காக ஞாயிறுதோறும் வந்து எந்திரத்தைச் செய்தான். பைக் பேட்டரி, கம்பியில் ஓடும் சக்கரம், ஒரு வெப்கேமரா, கை நுனியில் ஓவியத் தூரிகை. ஆண்பூ, பெண்பூ அதற்குத் தெரியாது. மஞ்சளாகத் தெரிவதையெல்லாம் தொடும். உத்திராபதி அதை ஓடவிட்டதே இல்லை. "இருக்கட்டும்டா, எனக்கு வேற என்னா வேல" என்பார்.

கொடி பூக்கத் தொடங்கிய வாரத்தில் அவர் இறந்தார். கொள்ளி வைத்த மறுநாள் குடில் வாசலில் நின்ற மகனை அத்தை புஷ்பவள்ளி மறித்தாள்.

"தீட்டோட கொடிய தொட்டா பூவெல்லாம் கருகிடும். கருமாதி முடியட்டும்."

"பூவு ஒரு காலைதான் அத்தை. காத்திருக்காது."

"அப்ப அந்தப் பொட்டிய அனுப்பு. அதுக்கு யாரு செத்தா?"

ஸ்விட்ச் வலைக்கு வெளியேதான் இருந்தது. போட்டான்.

துக்கம் கேட்க வருபவர்கள் கையைப் பிடித்தால் "ம்" என்கிறான். எந்திரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நீளமாகப் பேசுகிறான். அதனால் பலரும் எந்திரத்தைப் பற்றியே கேட்கிறார்கள்.

"நாப்பது வயசாவுது, ஒனக்கே இன்னும் ஒரு பொண்ணு பாக்கல. நீ பாவக்காப் பூவுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறியா மாப்ள?" என்கிறார் பக்கிரி. சிரித்துவிட்டு, சாவு வீட்டில் சிரித்ததற்காகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு விஷயத்துக்கு வருகிறார். "இந்த வாட்டி பிஞ்சு புடிக்கலன்னா குடில பிரிச்சிடுவோம். ஒங்கப்பனுக்காக உட்டு வெச்ச எடம். நெல்லு போட்டுக்குறேன்."

"சரி மாமா."

அப்பாவின் கை பட்டதாக மிச்சம் இருப்பது அந்தக் குடில்தான். ஒவ்வொரு கொடியும் அவர் போட்ட வாழைநார் முடிச்சில் தொங்குகிறது.

வெளியிலிருந்து பிஞ்சு தெரியாது, இலை மறைக்கும். சுருங்கிய பூக்கள்தான் தெரியும். காய் பிடித்தாலும் சுருங்கும், உதிரப் போனாலும் சுருங்கும்.

கருமாதிக்கு மறுநாள் காலை, "போ" என்கிறாள் அத்தை. கூட யாரும் வரவில்லை. பேட்டரி தீர்ந்து, வரிசையின் கடைசியில் கையை நீட்டியபடி நிற்கிறது எந்திரம். கதிர்வேல் இலையை விலக்குகிறான். தூரிகைக்கு நேர் எதிரே, விரல்கணு அளவில், முள்முள்ளாக ஒரு பாகற்பிஞ்சு. பக்கத்துக் கொடியிலும். அதற்கடுத்ததிலும். அப்பாவைக் கூப்பிடச் சட்டென்று வாசல் பக்கம் திரும்புகிறான். வாசலில் யாரும் இல்லை.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள் அந்தப் பக்கத்தில். விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். கதிர்வேல் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுக்கிறான். எந்திரத்தின் முழங்கைத் திருகைத் தளர்த்தி, நீட்டிய கையை மெல்ல மடக்கிவைக்கிறான்.