காற்றாலைக் கூட்டத்துக்கு மைக் செட்டு போட்டவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு அவர் ஊரில் இரண்டு பெயர். பெரியவர்களுக்கு அவர் 'மைக் செட்டு'. பொடிசுகளுக்கு 'ஹலோ மாமா'. கல்யாணமோ, சாவோ, கட்சிக் கூட்டமோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, முதலில் கேட்கிற குரல் அவருடையதாகத்தான் இருக்கும். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்பார். அதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை. எனக்கு அவர் அத்தான். ரொம்ப நல்ல மனிதர். அந்த 'ரொம்ப நல்ல' என்பதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாயைத் திறந்து அபிப்பிராயம் சொன்னால் தொழில் படுத்துவிடும் என்பது அவருடைய கொள்கை. காலையில் ஒரு கட்சிக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். சாயங்காலம் அதே கம்பத்தில் அதே குழாயைத் திருப்பி வைத்து எதிர்க்கட்சிக்குப் போடுவார். "உங்களுக்குன்னு ஒரு நெனப்பு கிடையாதா அத்தான்?" என்று நான் கேட்டால், "மைக்குக்கு ஏதும்மா கட்சி?" என்று சிரிப்பார். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்கு என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்த சித்தப்பாவோ மைத்துனரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு பழைய பகையைக் கிளறத் தொடங்குவார்கள் அல்லவா? அத்தான் அவரிடம் போய்ப் பிடுங்கமாட்டார். ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தபடியே வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். ஒரேயடியாக நிறுத்தினால் பேசுகிறவருக்குக் கோபம் வரும். சிறுகச் சிறுக இறக்கினால், தன் குரல்தான் கம்மிவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வரும். அப்போது அத்தான் எழுந்து, வயரை இரண்டு ஆட்டு ஆட்டி, "லூஸ் கனெக்ஷன், மன்னிக்கணும்" என்பார். யாருக்கும் அவமானம் இல்லை. அந்த நாசூக்குக்காகவே பக்கத்து ஊர்க்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

என் அக்கா அவருக்கு நேர் எதிர். வீட்டை ஒட்டின கொட்டகையில் மாவு மில் வைத்திருந்தாள். மெஷின் ஓடும்போது பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இருபது வருஷம் கத்திக் கத்தி அவள் குரல் தெருமுனை வரை போகும். "வீட்டுல ரெண்டு ஸ்பீக்கர். ஒண்ணு வாடகைக்கு, இன்னொண்ணை யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க" என்பார் அத்தான். அவர் சொன்ன ஒரே ஜோக் அதுதான், அதையும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார்.

அந்த ஊர் மின்கம்பியின் கடைசியில் இருக்கிறது. வழியில் இருக்கிற ஊரெல்லாம் குடித்த மிச்சம்தான் அங்கே வந்து சேரும். சாயங்காலமானால் பல்பு வெளிச்சத்தில் பல்பைத்தான் பார்க்கலாம். அக்காவின் மில் மோட்டார் முக்கி முனகி நின்றுபோகும். இரண்டு முறை உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகி, மறுபடி கட்டி வாங்கினாள். மூன்றாவது முறை கருகினால் மில்லை மூட வேண்டியதுதான் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு மேற்கே இருக்கும் மேட்டில் காற்றாலைகள் போட ஒரு கம்பெனி வந்தது. காற்றாலையோடு ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு துணை மின்நிலையமும் வரும், வோல்டேஜ் சீராகும் என்றார்கள். ஊர் இரண்டு பட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் வெளியே பார்த்தால் ஊர் ஒரே பக்கமாகத்தான் நின்றது. முன்னால் நின்றவர் உரக்கடைக்காரர். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேட்டுக்குப் போகிற மாட்டுப் பாதை அடைபடும், இறக்கைச் சத்தத்தில் தூக்கம் போகும், பெரிய லாரி வந்து தெருவெல்லாம் நொறுங்கும் என்று அவர் கேட்ட கேள்விகளில் பாதி நியாயமானவைதான். மீதிப் பாதி, காற்றாலை மேகத்தைக் கலைத்துவிடும், மழையே வராது என்கிற ரகம். டீக்கடையில் அவர் பேசினால் எல்லோரும் தலையாட்டினார்கள். யாராவது தலையாட்டாமல் இருந்தால், "உனக்குக் கம்பெனிக்காரன் என்ன குடுத்தான்?" என்று கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்தே பலரும் தலையாட்டினார்கள்.

ஆனால் ஊருக்கு உள்ளே இன்னொரு ஊர் இருந்தது. அது அக்காவின் மில்லில் இருந்தது. மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் தூக்கு வாளியோடு வருகிற பெண்கள் அக்காவின் காதருகே வாயை வைத்து மனதில் இருப்பதைக் கத்துவார்கள். "வந்தா நல்லதுதான்க்கா, எங்க வீட்டுல சொன்னா அடிக்க வராங்க." "பிள்ளைங்க படிக்க வெளிச்சமாவது வரும்ல?" தையல்காரர் மனைவி, டீச்சரம்மா, உரக்கடையில் மூட்டை தூக்குபவரின் தங்கை என்று ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் இப்படி நினைப்பதாக எண்ணிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். வெளியே வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு ஊரோடு சேர்ந்துகொண்டாள். ஊரின் நிஜமான மனசு தெரிந்த ஒரே ஆள் என் அக்காதான்.

அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மைக் செட்டு யார்? அத்தான்தான். கூட்டத்துக்கு முந்தின நாள் அக்கா எனக்குப் போன் செய்தாள். "நான் பேசப் போறேன்டி. நீ வந்து பக்கத்துல உட்காரு." எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீடு நிறைய மைக் இருந்தும் அவள் ஒரு நாளும் அதில் 'ஹலோ' கூடச் சொன்னதில்லை. "அத்தான் என்ன சொல்றாரு?" என்றேன். "'உனக்கு எதுக்கு இந்த வேலை'ன்னாரு. அவரு எதுக்குத்தான் சரின்னாரு?" என்று சிரித்தாள். வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். உரக்கடைக்காரர் பேசினார், கைதட்டல். அடுத்தவர் பேசினார், கைதட்டல். எல்லாரும் எதிர்த்தே பேசி முடித்ததும் அதிகாரி, "ஆதரவா பேச யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். தலைகள் எல்லாம் குனிந்தன. மில்லில் காதுக்குள் கத்தின தலைகள்கூட. அக்கா எழுந்து போனாள். மைக்கைக் கையில் வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மாவு மில்லு வெச்சிருக்கேன். எங்கிட்ட வர்றவங்க..." என்று தொடங்கினாள். பின்னால் யாரோ, "கம்பெனிக்கும் மாவு அரைக்கிறியா?" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. அக்கா அசரவில்லை. "சொல்லிக்கிறேன், கேளுங்க. இந்த ஊருல நெறைய பேரு..." அந்த இடத்தில் குரல் கொஞ்சம் மங்கியது. அடுத்த வார்த்தை இன்னும் மங்கியது. நான் திரும்பி அத்தானைப் பார்த்தேன். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கை ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். உலகத்தில் அந்த வித்தை தெரிந்த இரண்டாவது ஆள் அவள்தானே! லூஸ் கனெக்ஷன் என்று குடிகாரனை ஏமாற்றலாம், பெண்டாட்டியை ஏமாற்ற முடியுமா? "மைக்கு எதுக்குக்கா, சத்தமா பேசு!" என்று நான் எழுந்து கத்தினேன். வெளியூர்க்காரர்கள் பேசக் கூடாது என்று போலீஸ்காரர் என்னை உட்கார வைத்தார். நான் சொன்னது தப்பா? மோட்டாரையே ஜெயித்த குரல் அது, அந்த மைதானம் அவளுக்கு எம்மாத்திரம்? ஆனால் அவளால் முடியவில்லை. அத்தானின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் இரண்டு மூன்று வார்த்தைக்கு அசைந்தது. அப்புறம் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தான் எழுந்து வயரை ஆட்டினார். வழக்கமாகச் சொல்கிறதை அன்றைக்கு அவரால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரை நான் கேட்காத கேள்வி இல்லை. "ஊரே எதிர்த்து நிக்குதும்மா. இவ தனியாப் போய் அசிங்கப்படுவாளேன்னுதான்..." என்றார். "அசிங்கப்படுத்தினது யாரு அத்தான்?" என்றேன். பயம் அவளுக்காக எவ்வளவு, மறுநாள் உரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்ட வேலைக்காக எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. அக்கா உள்ளே தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அந்த வீடு பிழைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எதிர்ப்பு என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். கம்பெனி மேட்டுக்கு அந்தப் பக்கம், வேறு ஊருக்குப் போய்விட்டது. காற்றாலைகள் அங்கே சுற்றுகிற அழகை அக்கா ஊரிலிருந்தே பார்க்கலாம். வெளிச்சம் அவர்களுக்கு, வேடிக்கை இவர்களுக்கு. அடுத்த வாரமே பெண்கள் மில்லுக்கு வந்து அக்காவின் காதில், "நான் அன்னைக்கு எந்திரிக்கலாம்னுதான்க்கா இருந்தேன்" என்று கத்தத் தொடங்கினார்கள். அக்கா சுவிட்சை அணைத்தாள். மெஷின் ஓய்ந்து கொட்டகை அமைதியானது. "இப்பச் சொல்லு" என்றாள். அவரவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி சுவிட்சைப் போட்டு மாவை அரைத்துக் கொடுத்து அனுப்பினாள். அந்த வெயில் காலத்திலேயே மோட்டார் மூன்றாவது முறையாகக் கருகியது. மில் மூடப்பட்டது.

அதற்குப் பிறகு அக்கா சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. வேளைக்குச் சாப்பாடு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அபிப்பிராயம் மட்டும் சொல்வதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம், மகளுக்கு எந்தக் காலேஜ், இந்தச் சட்டை நல்லா இருக்கா, எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்றாள். தெருமுனைக்குக் கேட்ட குரல் அடுப்படியைத் தாண்டவில்லை. வருஷக் கணக்கில் இப்படித்தான் போனது. ஒரு நாள் அத்தான் என்னிடம், "உங்கக்காவை ஒரு தடவை என்னைத் திட்டச் சொல்லும்மா" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

போன மாதம் மறுபடி ஒரு கூட்டம் போட்டார்கள். இந்த முறை தரிசு நிலத்தில் சோலார் தகடுகள் வைப்பது பற்றி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அத்தானுக்கு அது சூரிய மின்சாரமாக வந்தது. நான் அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்குக் கிளம்பும்போது அத்தான் அக்கா முன்னால் வந்து நின்றார். "இந்தத் தடவை நீ பேசு. எவன் என்ன கத்தினாலும் நான் வால்யூமைத் தொடமாட்டேன்" என்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் என்னத்தைப் பேசுறதுங்க? அன்னைக்கு நான் பேச வந்தது மில்லுக்கு வந்தவங்க மனசை. இப்ப யாரு மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எங்க தெரியுது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். அத்தான் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பொழுது சாயத் திரும்பி வந்தார். தோளில் வயர்ச் சுருள், முகமெல்லாம் வியர்வை. அந்த மனிதரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததே இல்லை. "நான் பேசிட்டேன்!" என்றார். "ஆதரவா யாராவதுன்னு கேட்டாரு. ஒருத்தனும் எந்திரிக்கல. நானே மைக்கை எடுத்தேன். எனக்கு இது வேணும்னு தோணுதுன்னு சொன்னேன், வேற ஒண்ணும் வரல. பின்னாடி ஒருத்தன் ஊளை விட்டான். உடனே தையல்காரர் எந்திரிச்சாரு. எனக்கும்தான்னாரு. டீச்சரம்மா எந்திரிச்சாங்க. அப்புறம் மடமடன்னு அங்கங்க கையைத் தூக்குறாங்க! உரக்கடைக்காரரே, 'சரி, பார்க்கலாம்'னு உட்கார்ந்துட்டாரு. எல்லாரும் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும்னு இருந்திருக்காங்கடி. ஒரே ஒருத்தர் பேசினா..."

பேச்சு அங்கேயே நின்றது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு அது அன்னைக்கே தெரியுங்க" என்றாள் அக்கா.

அத்தான் வயர்ச் சுருளோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அக்கா மடித்த துணியை அலமாரியில் அடுக்கப் போய்விட்டாள்.