கராஜில் ஒரே ஒரு பெரிய பிளக்

சிலிண்டரில் காற்று நிரப்பிக் கொடுக்கும் கடை ஆற்றுக்கு அக்கரையில், லவாலில் இருக்கிறது. நான் ஜான்-டலோன் சந்தையில் வேலை முடித்துப் பாலம் கடந்து போய்ச் சேரும்போது கடைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டிருப்பார். "நாளைக்கு, மடாம்" என்பார். இந்தக் குளிர் நாட்டில் கோடை வருவதே விருந்தாளி மாதிரி. அதிலும் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் வெறும் சிலிண்டரோடு போய்விட்டன. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கடியில் சுழியோடுவது நாற்பது வயதுக்குப் பிறகு நானாகத் தேடிக்கொண்ட சந்தோஷம். அதை ஒரு கடைப் பூட்டிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வீட்டிலேயே நிரப்ப ஒரு கொம்பிரஸர் தேடத் தொடங்கினேன்.

என்னோடு சுழியோட வரும் தம்பி மலிவாக இரண்டைக் காட்டினான். ஒன்று, காற்றுத் துப்பாக்கிக்காரர்கள் வாங்குகிற குட்டி மெஷின். அழுத்தம் தாராளமாக ஏறும். காற்றோடு எண்ணெய் ஆவியும் சேர்ந்து ஏறும். துப்பாக்கிக்கு நுரையீரல் இல்லை, எனக்கு இருக்கிறது. மற்றது பெற்றோலில் ஓடுவது. அதன் புகையை அதுவே திரும்ப உறிஞ்சிவிட்டால் சிலிண்டருக்குள் நஞ்சுதான். அந்த நஞ்சுக்கு மணம்கூடக் கிடையாது.

"எல்லாம் காத்துத்தானே அக்கா," என்றான்.

"மேல நிண்டு சொல்லுறாய். கீழ போய்ச் சொல்லு பாப்பம்."

மின்சாரத்தில் ஓடுகிற, மூச்சுக்காற்றுக்கென்றே வடிகட்டி பூட்டிய மெஷின்தான் வேண்டும் என்று நின்றேன். அதற்குப் பெரிய பிளக் தேவை. எங்கள் வீட்டில் அதற்கு வாய்ப்பான இடம் கராஜ் ஒன்றுதான். அங்கே இருந்த ஒரே பெரிய பிளக்கில் என் கணவரின் மின்னடுப்பு பூட்டியிருந்தது. எங்கள் கார் எப்போதும் தெருவில்தான் நிற்கும். வீட்டுக்குள் மணக்கக் கூடாதென்று மீன் பொரிப்பதும் கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பதும் கராஜில். அந்த ராச்சியத்துக்கு அவர்தான் ராசா.

"மாத்தி மாத்திப் பூட்டுவமே," என்றார் அவர்.

"நீங்கள் மிளகாய் வறுத்த புகையை நான் ஆத்துக்கு அடியில இருந்து இழுக்கிறதோ?"

தம்பி இடையில் புகுந்து பெற்றோல் மெஷினையே வாங்கச் சொன்னான். அவனை வாயை மூடச் சொன்னேன். கணவரோ அடுப்பை விட்டு அசைவதாக இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். கதைத்து முடிக்காமல் படியேறுவதில்லை என்று இருந்தேன்.

"மீன் ஒரு சாட்டுத்தான்," என்றார் கடைசியில், சட்டியைப் பார்த்தபடி. "நீர் தண்ணிக்குள்ள இறங்கினா, திரும்ப ஏறும்வரைக்கும் எனக்கு உயிரில்லை. இப்ப கடை பூட்டினா நீர் வீட்டில நிப்பீர். மெஷின் வந்தா?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு நாளும் இந்தப் பயத்தைப் பொரித்த மீனுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாரே.

"நான் போறதை நிப்பாட்ட மாட்டன். அது உங்களுக்கும் தெரியும்," என்றேன். "இந்தப் பிளக் இல்லாட்டி கடைசியில அந்தப் பெற்றோல் மெஷின்தான். என்ன காத்தோட போறன் எண்டதுதான் உங்கட கையில இருக்கு."

அவர் சட்டியை இறக்கி வைத்தார். அடுப்பைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் கைவிட்டுப் பிளக்கைக் கழற்றினார்.

"அந்த வடிகட்டியை எப்ப எப்ப மாத்தவேணும் எண்டு எனக்குக் காட்டித் தாரும்," என்றார். "அதை நான் பாக்கிறன். வேற ஒருத்தரும் தொடக்கூடாது."